வுகாஷினின் கறுப்பு அட்டை

என் சித்தி மகன் வுகாஷின் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கினான். அன்றிலிருந்து அந்தப் பாடத்தையே அவன்தான் கண்டுபிடித்தவன் போல நடந்துகொண்டான். வெளிநாட்டில், லுப்லியானாவில் ஒரு கணக்கு நிறுவனம் அவனை வேலைக்கு எடுத்தது. நான் இதே ஊரில் நர்ஸ் என்பதால் சித்தி ரதோய்கா செர்பியாவில் எங்கள் ஊரான சோம்போரிலிருந்து போன் செய்து, அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவன் ஒரு கிரெடிட் கார்டு வாங்கவேண்டும். இவன் பெண் பார்ப்பதுபோல வங்கி வங்கியாக ஏறி இறங்கினான்.

"டேய், இங்க தேய்ச்சா எக்ஸ்ட்ரா பிடிக்காத கார்டா பாரு. வருஷக் கட்டணம் இல்லாம இருந்தாப் போதும்," என்றேன் போனில்.

"அதெல்லாம் காலேஜ் பசங்க வச்சுக்கறது அக்கா. நான் எடுக்கறது உலோகம். மேசைல போட்டா சத்தம் கேக்கும்."

"சத்தத்தை வச்சு என்னடா பண்ணப்போற?"

"ஊசி போடறவங்களுக்கு அது புரியாது, விடு."

முதல் சம்பளம்கூட வாங்காதவனுக்குப் பணக்காரர்கள் வைத்துக்கொள்ளும் கறுப்பு அட்டையை யார் கொடுப்பார்கள்? சித்திதான் தன் முடிதிருத்தும் கடையைக் காட்டி ஜாமீன் கையெழுத்துப் போட்டாள். அந்த அட்டை இருந்தால் விமான நிலைய ஓய்வறையில் இலவசமாக உட்காரலாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கடைசியில் வந்தது பஸ்ஸில்.

முதல் வாரமே அலுவலகத்துக்காரர்களை ஆற்றங்கரை உணவகத்துக்கு அழைத்தான். வேடிக்கை பார்க்க ஆள் வேண்டுமே, என்னையும் கூப்பிட்டான். எல்லாருக்கும் மீனும் ஒயினும் அவனே சொன்னான். பில் வந்ததும் அட்டையை மேசையில் போட்டான். சத்தம் நன்றாகவே கேட்டது. பணம்தான் போகவில்லை. புது நாட்டில் பெரிய தொகை என்றதும் வங்கி சந்தேகப்பட்டு, 'இது நீங்கள்தானா?' என்று அவனுடைய செர்பிய போன் எண்ணுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறது. அந்த சிம்மை ஐயா எல்லை தாண்டியதுமே பஸ் ஜன்னல் வழியே எறிந்துவிட்டார்.

"உங்க மெஷின் குப்பை. முதலாளியக் கூப்பிடு," என்றான்.

பரிமாறிய பெண் பன்யா லூகாக்காரி, எங்கள் பாஷைக்காரி; பேச்சிலேயே தெரிந்தது. "ரெண்டு மெஷின்லயும் போட்டுப் பாத்துட்டேன் சார்."

"இது என்ன கார்டுன்னு பாத்தாத் தெரியல உனக்கு?"

அவள் கண் கலங்கியது. விருந்தாளிகள் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். பணத்தை நான் கட்டினேன். பாலத்தில் நடக்கும்போது, "அவ வேணும்னே பண்ணியிருக்கா அக்கா," என்றான். அவனை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப்போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க அக்கா. இந்த மாதிரி யாராவது வந்துட்டேதான் இருப்பாங்க," என்றாள்.

முடக்கிய அட்டையைத் திறக்க நேரில் வரவேண்டும் என்றது ஊரிலிருந்த வங்கி. வாடகை அறைக்கு முன்பணம் வேறு கொடுத்தாக வேண்டும். அவன் போகவில்லை; அம்மாவைப் பணத்தோடு வரச்சொன்னான். சித்தி கடையை மூடிவிட்டு, வறுத்த மிளகாய்த் தொக்கு ஜாடிகளோடு பஸ் நிலையத்தில் வந்து இறங்கினாள். சாப்பிட்டாயா என்றுகூட அவன் கேட்கவில்லை. அவள் நீட்டிய பண உறையைப் பிரித்தான்.

"என்னம்மா, எல்லாம் சின்னச் சின்ன நோட்டா இருக்கு? வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?"

பிறர் தலைமுடியை வெட்டிச் சேர்த்த நோட்டு வேறெப்படி இருக்கும்?

சித்தி உறையைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். "வீட்டுக்காரர்கிட்ட நானே குடுத்துக்கறேன். அப்புறம், கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க்குக்குப் போயி ஜாமீன வாபஸ் வாங்கிட்டேன். இனிமே அந்தக் கார்டு ஓடாது."

அவன் முகத்தில் துக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த அம்மாவின் கண்கள் வீங்கியிருந்ததற்கு வராத துக்கம்.

"மத்தவங்க கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லு."

இப்போது அவனிடம் இருப்பது நான் சொன்ன அதே சாதாரண அட்டை. புதிதாக ஊரிலிருந்து வரும் பட்டதாரிகளிடம், "எவ்வளவு ஆராய்ச்சி பண்ணி எடுத்தேன் தெரியுமா?" என்கிறானாம்.

சித்தி அவன் அறையைப் பார்க்கவில்லை. என் வீட்டில் தங்கினாள். காப்பி குடித்தபடி, "பெத்தது நான், வளத்ததும் நான். யாரைப் போயித் திட்டறது?" என்றவள், என் தலையைப் பார்த்துவிட்டு, "இதை யாருடீ இப்படி வெட்டினா? உக்காரு," என்றாள்.