ஜூட்டின் பனரில் முள்ளெழுத்து

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் பைக் விபத்தில் போன ஜூட்டுக்கு இன்று கண்ணீர் அஞ்சலி பனர் அடித்தோம்.

"பேரை எந்த எழுத்தில போட?" என்றார் கடைக்கார அண்ணா.

"எங்கட புட்போல் ஜேர்சியில இருக்கிற ஓல்ட் இங்கிலீஷ்," என்றேன்.

கறுப்பாய், தடிப்பாய், மூலைக்கு மூலை தூண்டில் முள் குத்தியது போன்ற ஆங்கில எழுத்து. பைபிள் அட்டைக்கும் பொருந்தும், பேய்ப் படத்துக்கும் பொருந்தும். எதிரணி பயப்படட்டும் என்று ஜூட்தான் தெரிவுசெய்தான். ஒருவரும் பயப்படவில்லை. நடுவர்தான் பெயரை வாசிக்க முடியாமல், அவனுடைய மஞ்சள் அட்டையை என் கணக்கில் எழுதினார்.

பனரை அவன் வீட்டுக் கேற்றில் கட்டிக்கொண்டிருக்கும்போது அவனுடைய அம்மா வெளியே வந்தார். அழவில்லை. கிட்ட வந்து நெடுநேரம் பார்த்தார்.

"படம் தெரியுது. பேர் எங்க தம்பி?"

"இந்தா அன்ரி, கீழ பெரிசாக் கிடக்கு."

அவர் விரலால் ஒரு எழுத்தைத் தடவினார். "இதுவோ? நான் ஏதோ பூவேலை எண்டெல்லோ நினைச்சன்."

"ஜூட்டுக்கு விருப்பமான எழுத்து அன்ரி."

"அவனோ வாசிக்கப் போறான்? நான்தானே ஒவ்வொரு நாளும் பாக்கப் போறன்."

கட்டியதை அவிழ்த்துக்கொண்டு திரும்பவும் கடைக்குப் போனோம்.

இப்போது கேற்றில் 'ஜூட்' என்று தமிழில், பாலர் வகுப்புப் புத்தகம் போல உருண்டையாய்த் தொங்குகிறது. அவர் அதன் எதிரே கதிரை போட்டு அமர்ந்திருக்கிறார்.

ஜூட் கண்டிருந்தால் எங்களை நக்கலடித்தே கொன்றிருப்பான். அவனுக்குப் பதிலாக யாராவது கீழே கொமென்றில் வந்து நக்கலடியுங்கள்.