மாப்பிள்ளை கூப்பிட்டால்

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த அறையைப் பிடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இருந்த இரண்டு நாளும் இதை வேறு யாரும் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, கல்லூரிக்கும் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மெரினாவுக்குப் போனால்கூட தண்ணீர்ப் பக்கம் வரமாட்டார். எல்லாருடைய செருப்புக்கும் காவலாக மணலில் உட்கார்ந்துவிடுவார். அவரை ஒரு தடவையாவது கடலில் இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அதற்காகத்தான் இந்த ரிசார்ட்.

மேனாம்பேட்டு வீட்டில் விஷயத்தைச் சொன்னபோதே அப்பா பிடி கொடுக்கவில்லை. “அம்பத்தூர் ஏரி பக்கத்துலயே கீது. அதுங்கரையில குந்தினாலும் கடல் மாதிரிதான் தெரியும். இதுக்குப் போயி ரூமு போடணுமா?” என்றார். அப்புறம், “மாப்ள வராரா?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை என்பது அக்கா வீட்டுக்காரர். சென்னீர்குப்பத்தில் ஒரு குடோனுக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். வருகிறார் என்றேன். “அப்பன்னா போவலாம்” என்றார் அப்பா. எனக்கு அங்கேயே சுருக்கென்றது.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை மரியாதை என்பது கல்யாண மாதத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. அக்காவுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும், அவர் வாசலில் தலையைக் காட்டினால் அப்பா இன்றைக்கும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். வாடகைக் காரில் முன்சீட்டு மாப்பிள்ளைக்கு. புளிசாதத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நசுங்கி வந்தவன் நான். வழிநெடுக அவர் டிரைவரிடம் லாரி டயர் பேசிக்கொண்டு வர, அப்பா ஒன்றும் புரியாமலே “ஆமா மாப்ள, ஆமா மாப்ள” என்று தலையாட்டினார். என் ஆபீஸ் வேலையைப் பற்றி அப்பா ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

ரிசார்ட்டில் இரண்டு அறை. ஒன்றில் கதவைத் திறந்தால் கடல். அது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தது. மற்றதற்கு ஜன்னலில் ஜெனரேட்டர் ஷெட் தெரியும். அப்பா கடல் அறைக்குள் நுழைந்தார், பால்கனிக்குப் போனார், கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து தன் பையைத் தூக்கிக்கொண்டார்.

“மாப்ள, நீங்களும் எம்பொண்ணும் இங்க இருங்க. நாங்க பின்னாடி பாத்துக்கறோம்.”

“இன்னா மாமா இது, உங்களுக்குப் போட்டது…”

“பொண்ணு குடுத்த எடம் நாங்க. நீங்க சும்மா இருங்க.”

அவரும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தடவை கட்டிலில் சாய்ந்துவிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அந்த ஜெனரேட்டர் அறையின் பாத்ரூமில் பக்கெட்டு, குவளை, டீ போடும் கெட்டில் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எந்நேரமும் தண்ணி வரும்மா என்றேன். “வரும்போது புடிச்சிக்கணும்டா” என்றாள்.

மறுநாள் காலையில் கடலுக்குப் போனோம். நான் பேண்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன்.

“வா நைனா! முட்டி வரைக்கும்தான். நான் புடிச்சிக்கறேன்.”

“நீ போடா. நான் செருப்பப் பாத்துக்கறேன்.”

“யாரு நைனா இங்க வந்து உன் செருப்ப எடுக்கப் போறாங்க?”

“வேணாம்னா உடுடா.”

அக்கா வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு என்னைத் தாண்டி ஓடினார். ஒரு முழுக்குப் போட்டு எழுந்து, “மாமா! இன்னா அங்கயே குந்திகினு கீறீங்க? வாங்க மாமா!” என்று கத்தினார். ஒரே ஒரு தடவைதான்.

அப்பா எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். என்னைத் தாண்டிப் போனார்.

அவர்கள் இரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் கைகோத்து நின்றார்கள். அலை வந்து அப்பாவைக் கவிழ்த்தது. மாப்பிள்ளை அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, அப்பா வாயைப் பிளந்து சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அக்கா பக்கத்தில் வந்து, “இன்னாடா, மூஞ்சி ஏன் இப்டிப் போவுது? உப்புத்தண்ணி குடிச்சியா?” என்றாள்.

“மச்சான், ஒரு போட்டோ எடு மச்சான்!” என்று அங்கிருந்து குரல் வந்தது. கோணலாக எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நேராகத்தான் எடுத்தேன். நல்ல படம். அதனாலேயே பிடிக்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அம்மா அக்கா அறைக்குப் போயிருந்தாள். அப்பா வந்து என் தோளைத் தட்டினார். தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்தார்.

“காதுல தண்ணி பூந்துக்கினு கீதுடா. கொய்ங்குது.”

துண்டு நுனியைத் திரித்து அவர் காதில் விட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூடியபடியே மெதுவாகச் சொன்னார்: “சாயங்காலம் இன்னொரு தபா போவலாங்கறாரு மாப்ள. நீ எதுனா சொல்லி நிறுத்துடா.”

“ஏன்? காலையில அப்டி சிரிச்ச?”

“சிரிக்காம? ஒப்பாரியா வெக்கிறது மாப்ள முன்னாடி? காலுக்கடியில மண்ணு போவுதுடா. செத்தேன்னே நெனச்சேன்.”

“அப்ப வேணாம்னு சொல்றதுதானே?”

“மாப்ளகிட்ட எப்டிடா வேணாங்கறது?”

“எங்கிட்ட மட்டும் சொன்ன?”

“உங்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னா நான் எங்கதான் போறது?” என்றார் எரிச்சலாக. நான் அடுத்த காதுக்குப் போனேன்.

அந்தப் பயத்தை என்னிடம் மட்டும்தான் சொன்னார் என்று ஒரு பெருமை வந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னால், அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. பொய்ச்சிரிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் கதவு தட்டப்பட்டது. “மாமா, ரெடியா?” நான் திறந்தேன். நைனாவுக்கு அசதி, மயக்கமாக வருகிறது என்று சொன்னேன். மாப்பிள்ளை முகம் மாறியது. “ஐயையோ, டாக்டர்கிட்ட போலாமா?” என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

அப்பா பதறி எழுந்து நின்றார். “அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள! நான் நல்லாத்தான் கீறேன். இவன்தான் போவக்கூடாதுங்கறான். படிச்ச புள்ள இல்ல? எதுக்கெடுத்தாலும் ரூலு பேசறான்.”

“இன்னா மச்சான் நீ? பெரியவரு ஆசயா கீறாரு, காலையில எப்டி சிரிச்சாரு பாத்தல்ல? ஏன் தடுக்கற?”

என் முதுகுக்குப் பின்னால் அப்பா மூச்சே விடாமல் நின்றார்.

“ஆமா மாமா. நான்தான் வேணாம்னேன்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போனார். கதவைச் சாத்தினேன். அப்பா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து, “பாவம்டா, தனியா போறாரு. நீயாவது கூடப் போயேன்” என்றார்.