சனிக்கிழமை காலை ஒன்பது மணி

அச்சகத்திலிருந்து மாதிரிக்கென்று பழைய நினைவு மலர் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். முதல் வரி "குடும்பத்தின் குலவிளக்கு அணைந்தது" என்று இருந்தது. பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். எங்கள் அக்காவுக்கு அது பொருந்தாது என்பதால் அவரின் ஒரே தம்பியான நானே எழுத உட்கார்ந்தேன். நான் முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவன், எழுதிப் பழக்கமில்லை. மனமும் இன்னும் ஆறவில்லை. எழுத்தில் எங்காவது சூடு தெரிந்தால் உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தவர்களில் பத்துப் பேராவது என்னைக் கேட்ட கேள்வி, "அக்கா என்ன வேலை செய்தவ?" என்பதுதான். இருபத்தாறு வருடம் ஒரே வேலையைச் செய்த மனிதரைப் பற்றி அவரின் சொந்தக்காரர் கேட்கும் கேள்வி இது. தென் லண்டனில் ஒரு கல்லூரியில் பெண்கள் கோல்ஃப் அணிக்குப் பயிற்சியாளர் என்று சொன்னேன். "ஓ, குழிக்குள்ள பந்து போடுறது" என்று ஒருவர் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அவருக்குத் தேத்தண்ணி கொடுத்திருக்கவே கூடாது. ஆனால் அவரைச் சொல்லி என்ன பயன். அக்கா இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லிச் சிரித்தேன்.

அக்கா பிறந்தது சாவகச்சேரியில். எங்களைப் பெற்ற ஐயா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் அக்கா வலைப்பந்து அணித் தலைவி. நாட்டு நிலைமை கெட்டபோது இருபத்திரண்டு வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்தார். நான்கு வருடம் கழித்து என்னையும் கூப்பிட்டு எடுத்தார். ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. அக்கா காலையில் பெற்றோல் நிலையத்தில் நின்றார், பின்னேரத்தில் நகரத்தின் ஓரத்தில் இருந்த கோல்ஃப் பயிற்சித் திடலில் பந்து பொறுக்கினார். மற்றவர்கள் அடித்துவிட்டுப் போன பந்துகளைச் சேர்த்துக் கழுவி வாளிகளில் நிரப்பி வைக்கும் வேலை. வேலை முடிந்ததும் கைவிடப்பட்ட ஒரு மட்டையை எடுத்துத் தானும் ஒரு வாளி பந்து அடிப்பாராம். அதைப் பார்த்த அங்கிருந்த பயிற்சியாளர் ஒருவர் மட்டை பிடிக்கும் முறையைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். அங்கே தொடங்கியது.

வலைப்பந்தை விட்டுவிட்டு இந்த விளையாட்டு ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"இதில குற்றம் சொல்ல வேற ஒருத்தரும் இல்லைத் தம்பி. பந்து அசையாமல் கிடக்கு. பிழை விட்டா அது என்ர பிழை" என்றார்.

படித்து, சோதனைகள் எழுதி, பயிற்சியாளர் என்ற தகுதியைப் பெற அவருக்கு ஒன்பது வருடம் பிடித்தது. கல்யாணப் பேச்சுகள் வந்தன, போயின. கல்லூரியில் முதலில் கிழமைக்கு இரண்டு நாள் உதவியாளர் வேலை. நான்கு பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அணி ஒன்றைத் தொடங்கலாமா என்று கேட்டபோது, தொடங்குங்கள், ஆனால் எங்களிடம் எதுவும் கேட்கக்கூடாது என்றார்களாம். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பை மட்டை. லூயிஷாம் பக்கத்துப் பிள்ளைகள், தாய்மார் இரண்டு வேலை செய்யும் வீடுகள், கோல்ஃப் மைதானத்தை ரயில் ஜன்னலால் மட்டும் பார்த்தவர்கள். பயிற்சியாளரின் நீண்ட பெயர் வாயில் நுழையாததால் முதல் வருடமே அந்தப் பிள்ளைகளும் "அக்கா" என்றுதான் கூப்பிடத் தொடங்கினார்கள்.

அணி வளர்ந்த கதையில் எனக்கு எரிச்சல் வராத பக்கம் ஒன்றுமில்லை. அவர்கள் விளையாடப் போன மைதானம் ஒரு கிளப்புக்குச் சொந்தமானது. வார இறுதிக் காலைகள் அங்கத்தவர்களுக்கு. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வேலை நாளில் மூன்று மணிக்குப் பிறகு. இந்த ஊரில் மார்கழியில் நான்கு மணிக்கு இருட்டிவிடும். பதினெட்டுக் குழி விளையாட வேண்டிய பிள்ளைகள் நான்காவது குழியில் பந்தைத் தேடித் தடவிக்கொண்டு நிற்பார்கள். அப்படிப் பழகிவிட்டு, நாள் முழுக்கப் பழகும் கல்லூரிகளோடு போட்டிக்குப் போய்த் தோற்று வருவார்கள். அக்கா ஒவ்வொரு வருடமும் கிளப்புக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. நான் என்றால் முதல் கடிதத்தோடேயே சண்டை போட்டிருப்பேன்.

அக்கா சண்டை போடவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்கு பிள்ளைகளை மட்டைப் பையோடு கூட்டிக்கொண்டு போய், முதல் அடி அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். யாராவது அங்கத்தவர் வராவிட்டால் அந்த இடத்தில் நாங்கள் விளையாடலாமா என்று மரியாதையாகக் கேட்பார். இல்லை என்றால் பதினொரு மணிவரை நின்றுவிட்டுத் திரும்புவார். அடுத்த சனிக்கிழமையும் அதே இடம், அதே கேள்வி. மழையில் நின்றார்கள், பனியில் நின்றார்கள். ஏழு வருடம். பிள்ளைகள் படித்து முடித்துப் போனார்கள், புதுப் பிள்ளைகள் வந்து அதே இடத்தில் நின்றார்கள். பார்த்துப் பார்த்து அங்கத்தவர்களுக்கே வெட்கமாகிவிட்டது. கடைசியில் சனிக்கிழமை ஒன்பது மணி கல்லூரிப் பெண்கள் அணிக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: ஒரு வருடத்தில் இரண்டு சனிக்கிழமை அணி வராவிட்டால் அந்த நேரம் திரும்பவும் அங்கத்தவர்களுக்குப் போய்விடும்.

நேரம் கிடைத்து மூன்றாவது சனிக்கிழமைதான் என் மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்கு. மண்டபம் கிடைத்த நாளைப் பார்த்து நான் வைத்தேன். அக்காதான் மாமி, ஆராத்தி எடுக்க வேண்டியவர். நல்ல நேரம் பன்னிரண்டரைக்கு முடிந்தது. அக்கா வரவில்லை. வேறொரு மாமியைப் பிடித்து நிறுத்தி ஒப்பேற்றினோம். இரண்டு மணிக்கு மண்டப வாசலில் அக்கா வந்து இறங்கினார். பட்டுச்சேலை உடுத்திருந்தார், கால்களில் புல் ஒட்டிய விளையாட்டுச் சப்பாத்து. மாற்ற நேரமில்லையாம்.

"எங்கை போனனீங்கள்? ஒரு நாளைக்கு அந்தப் பந்தை விட ஏலாதோ?" என்று வாசலில் வைத்தே, வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஏசினேன்.

"இப்பவே ஒண்டை விட்டா, இன்னொண்டோட அந்த நேரத்தைப் பறிச்சிடுவினம் தம்பி. பிள்ளையளை ஏத்தி இறக்க வேற ஆள் இல்லை" என்றார்.

சாட்டுச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எட்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தபோதும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். ஒருமுறை சனிக்கிழமைகளில் வான் ஓட்டித் தருவாயா என்று அக்கா என்னைக் கேட்டார். "கிழமை முழுக்க ஓடுறன், ஓய்வு நாளிலயும் ஓடச் சொல்லுறீங்களோ" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. லண்டன் முழுவதும் முன்பின் தெரியாதவர்களை ஏற்றி இறக்கிய நான், அக்காவின் பிள்ளைகளை ஒருநாள்கூட ஏற்றவில்லை. ஒரு போட்டியையும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த ஒன்பது மணி கிடைத்த பிறகுதான் அணி அணியானது. நான்கு பேர் எட்டானார்கள், நான்கு நான்காக இரண்டு அணி ஆனது. தோற்றுத் தோற்று வந்தவர்கள் கிண்ணங்களோடு வரத் தொடங்கினார்கள். எதுவும் கேட்கக்கூடாது என்ற கல்லூரி, கிண்ணங்கள் வந்ததும் தன் கையேட்டின் அட்டையில் அவர்களின் படத்தைப் போட்டது. படத்தில் அக்கா இல்லை. அவரே விலகி நின்றிருப்பார், அதுவும் எனக்குக் கோபம்தான். அவரிடம் பழகிய பிள்ளைகளில் மூன்று பேர் இப்போது வேறு கல்லூரிகளில் பெண்பிள்ளைகளைப் பழக்குகிறார்கள் என்பதைச் செத்த வீட்டில் அவர்களே சொல்லித்தான் அறிந்தேன்.

உடம்பைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. களைப்பு என்றார், வயது என்றார். வைத்தியரைப் பார்க்கப் போகும் நாளைப் போட்டிக்காக இரண்டு தடவை தள்ளிப் போட்டிருக்கிறார். இதை நினைக்கும்போது அவரைக் கூப்பிட்டு வைத்து ஏச வேண்டும் போல இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை நான் சோறு குழைத்துக் கொண்டுபோனேன்.

"சனிக்கிழமை மழையோ தம்பி?"

"முதல்ல இதைச் சாப்பிடுங்கோ அக்கா."

"நீ பாத்துச் சொல்லன்."

போனில் பார்த்து, மழையில்லை என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலை அக்கா போய்விட்டார். மறுநாள் இப்போதைய அணியின் எட்டுப் பிள்ளைகளும் மைதானத்துக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் நெருக்கி உட்கார்ந்து அழுதார்கள். பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன். அக்கா ஒருநாளும் விடாத சனிக்கிழமைகளில் அன்றைக்கு ஒன்று போனது என்று எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியை வேலை நாளில் வந்தது. எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று ஐயரைக் கேட்டு, மோர்டனில் மண்டபத்தையும் பிடித்து, அந்தியேட்டியைச் சனிக்கிழமைக்கு வைத்தேன். அறிவித்தலும் அனுப்பியாயிற்று. அணித் தலைவி அமீனா தொலைபேசியில் வந்தாள்.

"அங்கிள், நாங்கள் எட்டுப் பேரும் வருகிறோம். அன்றைக்கு எங்கள் மைதானத்தில் போட்டி இருக்கிறது, அதை விட்டுவிடுகிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கிளப்பின் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினாள். இரண்டு சனிக்கிழமை. ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. அந்த நேரத்தைத் திருப்பி எடுக்கக் கிளப்பின் புது முகாமையாளர் காத்திருக்கிறாராம். அக்கா அன்றைக்கு வாசலில் நின்று எனக்குச் சொன்னது சாட்டு இல்லை. வருடக்கணக்காக மழையில் நின்று அவர் வாங்கியதை, அவரின் பெயரால் நான் ஒரு காலையில் தொலைக்கப் பார்த்திருக்கிறேன். அதே பிழையை அதே ஆளுக்கு இரண்டாவது தடவையும் செய்திருக்கிறேன்.

"வரவேண்டாம் பிள்ளை. போய் விளையாடுங்கோ" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

இடைப்பட்ட சனிக்கிழமைகளில் ஓட்டித் தந்த ஆசிரியைக்கு அன்றைக்கு வர முடியாதாம், வான் ஓட்ட ஆள் இல்லை என்றாள். அந்தியேட்டிக் கிரியையை விட்டு நான் போக முடியாது. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள் தான் ஓட்டுகிறேன் என்றாள். மாமியின் கிரியைக்கு நீ இல்லாவிட்டால் சனம் என்ன சொல்லும் என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"அப்பா, என்ர சடங்கு அண்டைக்கு மாமி காலமை என்னட்ட வந்து கேட்டவ, நான் போகட்டோ எண்டு. நான்தான் போகச் சொன்னனான். நீங்கள் ஏசேக்க சொல்லப் பயந்து நிண்டிட்டன்."

இத்தனை வருடமும் அக்கா அதை எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மகளுக்கு ஏச்சு விழும் என்று விட்டிருக்கிறார். கல்லூரியில் மகள் வான் ஓட்ட அனுமதி வாங்கிவிட்டாள்.

இனி நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், செத்த வீட்டு நாட்களில் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகளைச் செய்து தந்த ஐயருக்கும், தூர இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும், என் கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தேத்தண்ணி கேட்டவருக்கும் நன்றி, அக்காவின் வேலையை அவர் கேட்காவிட்டால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

நீங்கள் இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் அக்காவின் பிள்ளைகள் மைதானத்தில் நிற்கிறார்கள். மண்டபத்தில் முன்வரிசையில் ஒன்பது கதிரைகள் காலியாக இருக்கும். பழக்கிய ஆளின் அந்தியேட்டிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை, மருமகளையும் காணவில்லை என்று யாரும் கதைக்க வேண்டாம், போகச் சொன்னது நான். ஒன்பது பேருக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறது. இரண்டு மணிபோல வருவார்கள். அவசரமில்லாதவர்கள் அதுவரை இருங்கள்.

சப்பாத்தில் புல்லோடுதான் வருவார்கள். ஏன் பிந்தியது என்று யாரும் கேட்கக்கூடாது. அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவன் இன்றைக்கும் வாசலில்தான் நிற்பேன், அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு வர.

தம்பி
மோர்டன், லண்டன்