அவள் வளவில் நின்ற மாமரம்

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடித்த ஆண், மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். நானும் அப்படித்தான் கல்முனையில் என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் வந்தபோது வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, நானும் மனைவியும் பின்பக்க அறைக்கு மாறினோம். போன வருடம் மனைவி மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போகும்படி யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கிணற்றடிக்குப் போவதற்குக்கூட, மருமகன் குளித்து முடித்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். மருதமுனையில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வீட்டு வளவில், முன்வாசல் பக்கம், மனைவியின் மாமரம் ஒன்று நின்றது. சிறுபிள்ளையாக இருந்தபோது அவள் போட்ட கொட்டை முளைத்து வந்த மரம். அதன் காய்க்குப் பெயர் கிடையாது. பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். மகள் வயிற்றில் இருந்தபோது, எதைச் சாப்பிட்டாலும் சத்தியெடுத்தவளுக்கு அந்த மாங்காய் மட்டும்தான் தங்கியது. அதன் கொட்டையை எத்தனையோ பேர் வாங்கிப் போய்ப் போட்டார்கள். காய்த்ததெல்லாம் வேறு வேறு மாங்காய். அந்த ருசி வேண்டுமென்றால் ஒட்டுத்தான் கட்ட வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஆனால் ரோசாவுக்கு மொட்டுக்கண் வைத்து ஒட்டவும் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டவும் தெரியும். வேலை நேரத்தில் ஆட்களோடு கதைக்கத் தேவையில்லை என்பதாலேயே அது எனக்குப் பிடித்துப்போனது.

முன்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டப் போகிறோம், மரத்தை எடுக்க வேண்டும் என்று மகள் போனில் சொன்னாள். நான் கொப்பு வெட்டி வந்து இரண்டு முறை ஒட்டிப் பார்த்தேன். கடற்காற்றில் இரண்டும் கருகின. மிச்சம் ஒரு வழிதான். ஒரு மாங்கன்றைச் சாடியோடு தூக்கி மரத்தில் கட்டி, கன்றின் தண்டையும் மரத்தின் கொப்பையும் பக்கவாட்டில் சீவி, இரண்டு காயத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டுவது. ஒட்டும் வரை கொப்பு தாய்மரத்திலேயே பால் குடிக்கும். மூன்று மாதமாவது வேண்டும்.

நான் கட்டிக்கொண்டிருந்தபோது, அளவெடுக்க வந்த மேசன் அண்ணாந்து பார்த்து, அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"என்ன காக்கா, மரத்துக்குக் கை முறிஞ்சிட்டா? பத்து வச்சுக் கட்டிரிக்கீங்க!"

எல்லோரும் சிரித்தோம். மருமகன் கேட்டார்: "எவ்வளவு நாள் மாமா இது இரிக்கணும்?"

மூன்று மாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கொஞ்ச நாள்தான்."

"அப்ப இரிக்கட்டும். அது முடிய மறுகா வெட்டுவம்."

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, பின்னேரம் பஸ்ஸில் கல்முனைக்குப் போனேன். தெருவால் திரும்பும்போதே வீட்டுக் கூரை முழுதாகத் தெரிந்தது; மரம் இல்லை. மாரி மழைக்கு முன் அத்திவாரம் போட வேண்டும் என்று மேசன் அவசரப்படுத்தியிருக்கிறார். மகள் சாடியை வாசலில் நிழலுக்கு வைத்திருந்தாள்.

"உங்களுக்குப் போன் அடிச்சன், நீங்க பள்ளியில. அவங்களத் தொட விடல்ல வாப்பா. மேசையப் போட்டு நானே ஏறி இந்தக் கொப்ப மெதுவா வெட்டினன். கட்டு அசையவே இல்ல, பாருங்க."

அசையத்தான் இல்லை. "நல்ல வேல மகள்" என்றேன். மருமகன் என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றி, சாடியை என் மடியில் வைத்து, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டி வந்தார்.

பொலித்தீன் பையால் மூடி வைத்தேன். கொப்பின் இலைகள் சுருண்டு கொட்டின. மழை தொடங்கியதும் கன்று செந்தளிர் விட்டது. அன்று மகள் வந்தாள்.

"வாப்பா! உம்மாட மரம் துளிர்த்திரிக்கி!"

தளிரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். போட்டோ எடுத்து மருமகனுக்கு அனுப்பப் போனாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"அது இல்ல மகள்."

கட்டை அவிழ்த்தேன். சீவிய இடம் இரண்டிலும் கறுத்திருந்தது. கொப்பு கன்றை விட்டுக் கழன்று என் கையில் விழுந்தது.

"அப்ப இந்தத் துளிர்?"

"அது சும்மா கடை மாங்கொட்டையில வந்தது. உம்மாட கொப்பு இது."

காய்ந்த குச்சியை வாங்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் வெட்டினதாலயா?"

"இல்ல. மூணு மாசம் வேணும் எண்டு நான் சொல்லல்ல."

"ஏன் வாப்பா சொல்லல்ல? உங்கட வீடுதானே."

 அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். உம்மாவின் ஜனாஸாவை எடுத்த அன்றுகூட என் முன்னால் அப்படி அழவில்லை. தங்கச்சி ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. போகும்போது குச்சியைத் தன் சால்வைக்குள் சுற்றிக் கொண்டுபோனாள்.

கன்று சாடியில் நிற்கிறது. தண்ணீர் ஊற்றுகிறேன். அது என்ன மாங்காய் காய்க்குமோ, தெரியாது.