மார்க்கர் சுந்தரலிங்கத்தின் வேலை நேரம்

இது பட்டப்பகலில் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் அமாவாசை, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நட்டமில்லை. நம்பாதவர்களோடு வாதாடவும் எனக்குத் தெம்பில்லை. கொழும்பில், ஒரு வெள்ளைக்காரக் கிளப்பில், வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும்தான் எழுதுகிறேன்.

கிளப்பின் பெயர் வேண்டாம். கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்தபடி இருந்தது. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் அதற்குள் போக இரண்டே வழி. தட்டு ஏந்திக்கொண்டு போகலாம், அல்லது என்னைப்போல் பொலிஷ் போத்தலும் கந்தல் துணியுமாகப் பின்வாசலால் போகலாம். நான் கொட்டாஞ்சேனையில் மேசை, அலுமாரிகளுக்குப் பொலிஷ் போட்டுப் பிழைத்தவன்.

என் அக்கா பாலேஸ்வரியின் புருஷன் சுந்தரலிங்கம் அந்தக் கிளப்பில்தான் பில்லியர்ட் மார்க்கராக இருந்தார். துரைமார் ஆடும்போது வெள்ளைக் கோட்டு அணிந்து சுவரோரம் நின்று, புள்ளியை உரக்கச் சொல்லி, பலகையில் முள்ளை நகர்த்த வேண்டும்; ஆட்டம் முடிந்ததும் 'கேம், சேர்' என்று அறிவிக்க வேண்டும். அதுதான் மார்க்கர் வேலை. மத்தியானம் முதல் இருட்டும் வரை அத்தானின் முறை. பிறகு வீட்டுக்கு வந்துவிடுவார்.

முப்பத்தேழாம் ஆண்டு ஒரு நாள் போனவர் திரும்பி வரவில்லை. கிளப்பில் விசாரித்தோம். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றார்கள். வெள்ளவத்தையில் அக்கா குடியிருந்த சந்தில், அந்த ஒழுங்கை முழுக்க, அந்தக் கதைக்குக் கண்ணும் மூக்கும் வைத்தார்கள். மலாயாவுக்குக் கப்பலேறிவிட்டாராம். கூடவே ஒருத்தியும் போனாளாம். அவள் சேலையின் நிறம்கூடச் சிலருக்குத் தெரிந்திருந்தது.

அக்கா வாய் திறக்கவில்லை. தாலியும் பொட்டுமாகவே இருந்தாள். கலியாண வீடுகளில் அவளை முன்னுக்குக் கூப்பிடுவதா, பின்னுக்கு இருத்துவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் கூப்பிடாமலே விட்டுவிட்டார்கள். சுமங்கலியா கைம்பெண்ணா என்று தெரியாத ஒருத்திக்கு எங்கள் சனங்களிடம் இடமே கிடையாது.  அத்தான் உயிரோடு இருக்கிறாரா இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

அப்படியே இரண்டு வருஷம் போனது. அந்தக் கிளப்பில் பில்லியர்ட் கோல்களை உரித்துப் புதிதாகப் பொலிஷ் போட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மலைநாட்டுத் தோட்டத் துரைமார் வந்து ஆடும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் வேலையைப் பிடித்தேன். யாருடைய மச்சான் என்று மூச்சு விடவில்லை.

கிளப் பட்லர் நிலாம், கிராண்ட்பாஸ் பக்கத்துச் சோனகர்; 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' ஆகிவிடும். நல்ல மனிதர்தான். பில்லியர்ட் அறையைத் திறந்துவிட்டுச் சுவரில் நின்ற கோல்களைக் காட்டினார்.

"இந்தப் பதினொண்டையும் செய்ங்க. கடைசில ஈக்கிறதத் தொட வாணாம்."

"ஏன்?"

"அது ஒரு தொரைட. அவர் சீமைக்குப் போயிட்டார்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

ஈரக் காற்றில் பொலிஷ் பால்போல வெளுத்துவிடும். ஆகவே வெயில் உச்சத்தில் இருக்கும் நேரமே எனக்கு வேலை நேரம். துரைமார் சாப்பிட்டுவிட்டு நித்திரை. வேலைக்காரர்கள் பின்பக்கத்தில் நித்திரை. அந்தப் பெரிய அறையில் நான் மட்டும். நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய மேசை. அது கட்டிலில் கிடத்திய பிரேதம் போல இருக்கிறது என்று முதல் நாளே தோன்றியது. பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

முதலில் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் வில்லையைக் கழற்ற வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் பழைய பூச்சை மெல்லச் சுரண்ட வேண்டும். பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் மிச்சம் கரைந்து வரும். நீலச் சோக்கு, வியர்வை, பல வருஷத்துக் கை அழுக்கு, எல்லாம் துணியில் ஏறும். துரைமாரின் அழுக்கும் எங்களுடையதைப்போலக் கறுப்புத்தான். அதைக் காண எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

முதல் நாள் மூன்று கோல்களை உரித்து, வெறும் மரமாக்கி, எண்ணெய் தடவித் துடைத்து வைத்தேன்.

மறுநாள் போனால் மூன்றிலும் கை வியர்வை படிந்திருந்தது. நுனிகளில், ஆடுபவர்கள் பூசுகிற நீலச் சோக்கு, புதிதாக.

"இரவு ஆரும் விளையாடினவையே?" என்று நிலாமிடம் கேட்டேன்.

"சாவி எண்ட இடுப்புல ஈக்கி. ஒருத்தரும் வரல்ல."

"சோக்குப் பூசியிருக்கே."

"நுனில தோலே இல்லாம எப்படி விளையாடுற?" என்றார். அது எனக்கும் தெரியும். அதனால்தானே கேட்டேன். ஆனால் அவர் கோல்களைப் பார்க்கவே இல்லை. குனிந்த தலையோடு போய்விட்டார்.

அன்று பிற்பகல் ஒரு சத்தம்.

டக்.

பந்தோடு பந்து மோதும் சத்தம். நான் கண்ணாடித் துண்டைக் கீழே வைத்தேன். மேசையில் போர்வை அசையவில்லை. பந்துகள் அலுமாரியில் பூட்டிக் கிடந்தன. மரம் வெயிலில் வெடிக்கும், எனக்குத் தெரியாததா, என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

டக்.

புள்ளிப் பலகையைப் பார்த்தேன். நான் வந்தபோது முள் பூச்சியத்தில் நின்றது. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அது அத்தான் நிற்கும் இடம் என்று நினைத்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது முள் ஏழில் நின்றது.

அடுத்த நாள் வராமல் விட்டிருக்கலாம். ஆனால் பயத்தைவிட எனக்கு அக்காவின் முகம் பெரிதாக இருந்தது. போனேன். அதற்கடுத்த நாளும் போனேன்.

பதினொரு கோல்களும் முடிந்தன. கடைசிக் கோல் மட்டும் சுவரில் நின்றது.

அதைத் தொடக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பொலிஷ்காரன் கண் சும்மா இருக்காது. யாரோ தொழில் தெரியாதவன் அதற்குத் தூரிகையால் அப்பியிருந்தான். அங்கங்கே வழிந்து, துளி துளியாக உறைந்து கிடந்தது. அதுவும் எங்கே? கோலின் மேல் பாதியில். அங்கே எவரும் தடிப்பாகப் பூச்சுப் போடுவதில்லை. போட்டால் விரல் ஒட்டும், கோல் வழுக்கிப் போகாது, ஆட முடியாது. அப்படியானால் இது ஆடுவதற்காகப் போட்ட பூச்சு இல்லை.

எதையோ மூடப் போட்ட பூச்சு.

கையில் எடுத்தேன்.

ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தேன். துணி பழுப்பாக வந்தது. இன்னொரு தரம் துடைத்தேன். கருஞ்சிவப்பாக வந்தது. மரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. அந்த வெடிப்புக்குள் ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் இழுத்தேன்.

மயிர். கறுப்பு மயிர். துரைமாருக்கு இல்லாத கறுப்பு.

சுவர் மணிக்கூட்டில் நாலு மணி பத்து.

 என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், கோலின் அடிப்பாகத்தையும் துடைத்தேன். அடி கருங்காலி மரம். ஸ்பிரிட் பட்டவுடன் கருங்காலி கண்ணாடிபோல் மினுங்கும். காயும்வரைதான்... ஒரு மூச்சு நேரம்.

அந்த மினுக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது.

ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்தேன். ஆனால் ஜன்னல் எனக்கு முன்னால் இருந்தது. கோடு தெரிந்தது எனக்குப் பின்னால்... புள்ளிப் பலகையடியில்.

ஸ்பிரிட் காய்ந்தது. கோடு மறைந்தது.

மீண்டும் துடைத்தேன்.

கோடு தடித்திருந்தது. அது ஒருவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டு. பித்தளைப் பொத்தான்கள்...

காய்ந்தது.

துடைத்தேன். ஏன் துடைத்தேன்? தெரியாது. கை நிற்கவில்லை.

இப்போது தோள் தெரிந்தது. தோளில் ஒரு பக்கம் சிவப்பு. மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்...

காய்ந்தது.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. துடைக்கவும் துணிவில்லை.

டக்.

என் காதடியில்... மிக அருகில்... தெரிந்த குரல். நிதானமான, பணிவான குரல்.

"கேம்... சேர்."

கோலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பின்வாசற் படியில் நிலாம் உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்த துணியைப் பார்த்ததும் எழுந்தார்.

"தொட வாணாம்னு சென்னேனே தம்பி."

"அந்த மார்க்கர் என்ரை அத்தான்," என்றேன். "என்ன நடந்தது?"

அவர் முகம் வெளுத்தது. மறுபடி படியில் உட்கார்ந்தார்.

"அண்டைக்கி நான் லீவு. அடுத்த நாள் வந்தா, தரை கழுவி ஈந்திச்சி. தொர தனியா இருந்து அந்தக் கோலுக்குப் பொலிஷ் பூசிட்டு ஈந்தார். தொர ஒருத்தர் கையால வேல செஞ்சத எண்ட வாழ்க்கைல அண்டைக்கித்தான் கண்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் புள்ளகுட்டி ஈக்கி. யாருக்கும் செல்லாதீங்க."

பொலிசுக்குப் போனாயா என்று கேட்பீர்கள். போய் என்ன சொல்வது? சீமைக்குப் போய்விட்ட ஒரு துரையின் கோலில் நாலு மயிர் இருந்தது என்றா? என்னைத்தான் உள்ளே போட்டிருப்பார்கள். அத்தான் புள்ளியைத் தவறாகச் சொன்னதற்கு அடித்தானோ, சரியாகச் சொன்னதற்கு அடித்தானோ, அதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தவன் கப்பலேறிப் போய்விட்டான். மலாயாவுக்குப் போனார் என்ற பழி மட்டும் என் அத்தானுக்கு. அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. செத்த மனிதனை வேலையிலிருந்து விடவில்லை, 'சேர்' என்று சொல்வதிலிருந்தும் விடவில்லை.

காலி வீதியால் வெள்ளவத்தைக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. சொன்னால் அக்காவின் தாலியை நானே கழற்றியது போலாகும். சொல்லாவிட்டால் ஓடிப்போனவன் பெண்சாதி என்ற பேரோடு கிழவியாவாள். சொல்லிவிடுவதென்றே முடிவெடுத்தேன். வெள்ளைச் சேலை கட்டினாலும் மரியாதையோடு கட்டட்டும்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா குளித்து, தலை வாரி, புதுப் பொட்டு வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மாறியது. சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"என்னடா இந்த நேரத்தில?"

"அக்கா... அத்தான் இனி வரமாட்டார்."

அவள் அழவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள்.

"கிளப்பில கண்டனியோ?"

தலையை ஆட்டினேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. தலை பிளந்து, கோட்டெல்லாம் ரத்தமாத்தான் வந்தவர். காலடிச் சத்தம் இல்லை. அப்பவே விளங்கிப்போச்சு."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? ஊர் சொன்ன கதையெல்லாம் கேட்டுக்கொண்டு... இந்தத் தாலியோடை..."

"கழட்டினா வரமாட்டார்," என்றாள்.

இரண்டு வருஷம். ஒவ்வொரு நாளும். நான் அவளுக்காக இரங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும்...

அக்கா வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். ஒழுங்கையில் இருள் இறங்கிவிட்டது.

"வேலை முடிஞ்சு வாற நேரம். நீ போ."

எழுந்தேன். வெளியே வந்து, பயத்தில், கதவை இழுத்தேன்.

"சாத்தாதை," என்றாள்.