வரச்சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமை

அம்மாவுக்கு போனில் பேசத் தெரியாது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். “சாப்பிட்டீங்களா? உடம்பு பரவால்லையா? இங்க எல்லாரும் நல்லாருக்கோம்.” இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சுடுகிற பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல ரிசீவரை என்னிடம் நீட்டிவிடுவாள்.

எங்களுக்குக் குடவாசல் பக்கம் ஒரு கிராமம். அப்பா குத்தகைக்கு நிலம் பார்த்தவர். ஆற்றில் தண்ணீர் தவறிய வருடங்களில் முதலில் குறுவை போயிற்று, அப்புறம் சம்பாவும் போயிற்று. மளிகைக்கடை பாய் ஆள் காட்டி, வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். போன் இருந்ததும் பாய் வீட்டில்தான். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு. பாய் ராத்திரி இஷா தொழுகை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து, ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார். போன் நடுக்கூடத்தில் ஸ்டூல்மேல் இருக்கும். பாய், பாயம்மா, மருமகள்கள், டிவி பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் என்று கூடம் நிறைந்திருக்கும். அத்தனை பேர் நடுவில் அம்மா தன் மூன்று வாக்கியங்களைச் சொல்லுவாள்.

நான் கும்பகோணத்தில் ஹாஸ்டலில் இருந்து கல்லூரி படித்தேன். கடைசி வருடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவது வழக்கம். அப்பா பேசுவதே என்னோடுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்தாள்.

“அப்பாவுக்கு அக்ரிமென்ட் முடியுதுடா. இருக்கேனா, போறேனான்னு சனிக்கிழமை காலைல ஆபீஸ்ல சொல்லணுமாம். ஒன்னயக் கேட்டுக்கிட்டு முடிவு பண்றேன்னு கடுதாசில எழுதிருக்காரு. வெள்ளிக்கிழமை நீ வரச்சொல்லிடு.”

“நீயே சொல்லேன்மா.”

“அத்தினி பேரு முன்னாடி நான் எப்படிடா சொல்லுவேன், வந்துடுங்கன்னு? என்ன நெனப்பாங்க? புள்ள கூப்புடுதுன்னா அவருக்கும் ஒரு கௌரவம். போன வாரம் இருமுனாரே, கேட்டியா? சிமெண்டுத் தூசிடா அது.”

சரி என்றேன். அவளுக்குத் தெரியாத ஒன்று என் சட்டைப்பையில் இருந்தது. தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து கிழித்து மடித்து வைத்திருந்தேன். இரண்டு வருடப் படிப்பு. அப்பா வந்துவிட்டால் அதற்குப் பணம் கட்ட வழியில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் ஹாஸ்டல் கூட்டாளிகள் இரண்டு பேர் தஞ்சாவூருக்குக் கிளம்பினார்கள். ஒருவன் கீழ்வேளூர்க்காரன். இன்னொருவன் மயிலாடுதுறை, ஹாஸ்டலில் அவனுக்கு மாயவரத்தான் என்றே பெயர்.

“அந்த கம்ப்யூட்டர் சென்டர் முழுக்க ஏசியாம்டா. செருப்பக் கழட்டிப் போட்டாத்தான் உள்ள விடுறானாம்” என்றான் கீழ்வேளூர்க்காரன்.

“அப்ப திருநீறும் குடுப்பானா?” என்றான் மாயவரத்தான்.

நானும் வருகிறேன், போய்ப் பார்த்துவிட்டு ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்குள் ஊருக்குப் போய்விடலாம் என்று அவர்களிடம் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனோம். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர்காற்று முகத்தில் பட்டது. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் உறை. டை கட்டிய ஒருவர் எங்களைக்கூட “சார்” என்று கூப்பிட்டார். கருவறைக்கு முன்னால் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று மாயவரத்தான் ரொம்ப நாள் கேலி செய்தான். அது கேலியில்லை. அப்படித்தான் நின்றேன். விண்ணப்பப் பாரம் ஒன்று வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது ஆறே கால்.

“நான் பஸ்ஸ்டாண்டுக்குப் போறேன்டா. அப்பா போன் பண்ணுவாரு.”

“வாராவாரம்தான் பேசுற. ஒரு வாரம் போவலன்னா ஒங்கப்பா என்ன பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துருவாரா?” என்றான் கீழ்வேளூர்க்காரன்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னான். நானும் சிரித்தேன். கால் பஸ்ஸ்டாண்டு பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் நாங்கள் கண்டதெல்லாம் வெளிச்சம். புதிதாகத் திறந்த கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு டிவி, எல்லாவற்றிலும் ஒரே கிரிக்கெட். நடைபாதையில் நின்று பார்த்தோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஆபீஸ் மாடிக்கு மாடி இருந்தது. கீழவாசலில் புரோட்டா சாப்பிட்டோம். மாயவரத்தான் சால்னாவுக்கு மூன்று தடவை கை நீட்டினான். “அண்ணே, இவனுக்கு வாளியோட குடுத்துருங்க” என்று கீழ்வேளூர்க்காரன் சொல்ல, கல்லில் நின்றவரே சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் விரதம். ஒரு வாய் பிட்டுப் போட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

ஒன்பது அடிக்கும்போது பழைய பஸ்ஸ்டாண்டு எதிரில் ஒரு எஸ்டிடி பூத்துக்குள் நின்றேன். பாய் வீட்டுக்குப் பேசி இந்த நம்பரைக் கொடுத்துவிட்டால் அப்பா இங்கேயே கூப்பிடலாம் என்று ஒரு யோசனை தோன்றியிருந்தது. பூத்காரரைக் கேட்டேன். “தாராளமா வரும் தம்பி. பத்து மணி வரைக்கும் தொறந்திருப்பேன்” என்றார்.

சுழற்றினேன். எங்கேஜ்டு. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். எங்கேஜ்டு. ஒன்பதே காலுக்கு மூன்றாவது முறை. அதே சத்தம். ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது முடிவு செய்துகொள்வார்கள் என்று மனது சொல்லிற்று. மூன்று வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் எதற்கு என்று அது கேட்கவில்லை.

“இன்னொரு தரம் போட்டுப் பாருங்களேன்” என்றார் பூத்காரர்.

“வேணாண்ணே. பேசிட்டிருக்காங்க.”

பெரிய கோயிலுக்குப் போனோம். நடை சாத்தியிருந்தது. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த விண்ணப்பப் பாரத்தை நினைத்துத்தான் வேண்டிக்கொண்டேன். ராத்திரியை ரயிலடி பெஞ்சில் கழித்தோம். அவர்கள் இருவரும் தூங்கினார்கள்.

காலையில் வீட்டுக்குப் போனபோது மணி ஒன்பதாகியிருந்தது. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“கால் மணி நேரத்துக்கு மேல லைன்லயே இருந்தாருடா. இப்ப பஸ் வந்துரும், வந்துருவான், இருங்க இருங்கன்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். பாய் ரெண்டு தடவ தெருமுனை வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்தாரு. கடைசில போன் கார்டுல காசு முடிஞ்சி தானா கட்டாயிட்டு.”

நான் கேட்ட அந்த எங்கேஜ்டு சத்தம், அப்பா எனக்காகக் காத்திருந்த சத்தம்.

“பஸ் கெட்டுப்போச்சும்மா. வழியில நின்னுட்டு.”

அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். “ஆளுக்கு ஒண்ணும் ஆவலல்ல? சட்டையக் கழட்டிப் போடு, தொவச்சிடுறேன்” என்றாள். அப்பா இந்நேரம் ஆபீஸுக்குள் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே கழற்றிப் போட்டேன். பையில் இருந்ததை மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தபோது, மடித்த துணிகளுக்கு மேலே அந்தப் பாரம் இருந்தது. மடிப்பை நீவிவிட்டு வைத்திருந்தாள். மேலே கம்ப்யூட்டர் சென்டர் முத்திரை, தஞ்சாவூர் என்று கொட்டை எழுத்து, வெள்ளிக்கிழமைத் தேதி. அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பாரத்தைத் துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பெட்டியைப் பூட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் வீட்டுக் கூடத்தில் அம்மா வழக்கம்போல மூன்றையும் சொன்னாள். பிறகு ரிசீவரை நீட்டாமல், “அன்னிக்கு அவன் வந்த பஸ் கெட்டுப்போச்சுங்க” என்றாள். என் பொய்யை அப்பாவிடம் கொண்டு சேர்த்தது அவள்தான். அவள் போனில் பேசி நான் கேட்ட நான்காவது வாக்கியம் அது.

“கையெழுத்துப் போட்டுட்டேன்ப்பா” என்றார் அப்பா. “ரெண்டு வருஷந்தான, ஓடிரும். நீ அலைஞ்சியாமே, பாவம்.”

அந்தப் படிப்பைப் படித்தேன். முடிப்பதற்குள் அவர்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பழசாகிவிட்டது. இன்றைக்கு நான் பிழைப்பது குடவாசலில் ஜெராக்ஸ் எடுத்து, மனு டைப் அடித்துக் கொடுத்து. அப்பா இரண்டு வருடத்தில் வரவில்லை. இன்னும் இரண்டு, அப்புறம் இன்னும் இரண்டு. ஒவ்வொரு தடவையும் நானும் ‘வந்துடுங்கப்பா’ என்று சொல்லியிருக்கலாம். முதல் தடவை ஒளிந்தவனுக்கு அப்புறம் வாய் வரவில்லை. அம்மாவும் என்னை மறுபடி சொல்லச் சொல்லவில்லை.

அப்பா வந்து சேர்ந்தபோது மாடி ஏற முடியாது, படுத்தால் மூச்சு வராது. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குவார். கடைசியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தார். ஒருநாள் நான் ராத்திரிச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது, பக்கத்துக் கட்டில்காரரிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பது தெரியாது.

“ஒரு தடவ வந்துடலாம்னுதாங்க இருந்தேன். பையன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வருவோம்னு பாத்தேன். அன்னிக்குன்னு பாத்து அவன் வந்த பஸ்ஸு கெட்டுப்போச்சு. வந்திருந்தான்னா வந்துடுங்கப்பான்னுதான் சொல்லிருப்பான்.”

கேரியரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குத் திரும்பிப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அப்போதுதான் வருகிறவன் மாதிரி செருப்புச் சத்தம் கேட்க நடந்து வந்து, ரசம் சாதத்தைப் பிசைந்து கொடுத்தேன். நான்கு வாய் சாப்பிட்டார். “நீ சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமைப்பா. விரதம்” என்றேன்.