அம்மா அடித்த மணி

பேத்தமங்களா சாலையில் என் கார் கதவை யாரோ ஒருமுறை தட்டினார்கள். யோசிப்பதற்குள் கால் பிரேக்கை மிதித்தது. கால் என்னுடையது, பழக்கம் அப்பாவுடையது.

தங்கவயலில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜை, அந்த இரும்புக் கூண்டை, இயக்கியவர் அவர். கீழிருந்து ஒருமுறை மணி அடித்தால் நிறுத்தியாக வேண்டும். ஏனென்று கேட்கக் கூடாது. ஊரின் முதல் ரேஸ் காரைப் பழைய குழாய்களால் அவரே கட்டி, அவரே ஓட்டினார். பந்தயத்துக்கு அம்மா தண்டவாளத் துண்டும் சுத்தியலுமாக வருவாள். அடித்தால் எனக்குப் பல் கூசும்; அப்பாவுக்கு எந்த இரைச்சலிலும் கேட்கும்.

ஒரு பந்தயத்தில் அப்பாதான் முன்னால். பின்சக்கரம் ஆடுவதைப் பார்த்த அம்மா ஓங்கி ஒருமுறை அடித்தாள். கார் நின்றது. தொட்டதும் சக்கரம் கையோடு வந்தது.

"ஜெயிக்கற நேரத்துல எப்படிங்க நின்னீங்க?" என்று அம்மா அழுதாள்.

"இன்னா கேக்கற? நீதானே மணி அடிச்ச?" என்றார் அப்பா.

பைக்கில் வந்து என் கதவைத் தட்டியவர், "டயர்ல காத்தே இல்லீங்க" என்றார். நன்றி சொன்னேன், அவருக்கு மட்டுமல்ல.